ரஜூலாவுக்கு எத்தனை புகைபோக்கி?

மலேசியாவின் நிபோங் திபால் கடைத்தெருவில் முன்பு ஒரு முடிவெட்டும் கடை இருந்தது. இப்போது அங்கே கைப்பேசி விற்கிறார்கள். அந்தக் கடையின் இடதுபக்கச் சுவர் முழுக்க ஒரு கப்பல் வரைந்திருக்கும். நான் சின்னப் பையனாக இருந்தபோது, தலையைக் குனியச் சொல்லிப் பிடரியில் கத்தி வைக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். கீழே கொட்டை எழுத்தில் ‘ரஜூலா’.

வரைந்தவர் எங்கள் தோட்டத்துப் பெயிண்டர் மாமா. கடைப் பலகை எழுதுவார், லோரிக்குப் பின்னால் மயில் போடுவார், திருவிழாவுக்குப் பேனர் எழுதுவார். பிறந்தது தோட்டத் தொழிலாளர் லயத்தில். பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் போகும் ஃபெரிப் படகைத் தவிர வேறு எந்தக் கப்பலிலும் ஏறியதில்லை. ஆனாலும் துணிந்து ரஜூலாவைப் போட்டார், இரண்டு புகைபோக்கியோடு.

தாத்தா முடிவெட்டப் போன அன்றைக்குத்தான் வம்பு. அவர் 1937இல் நாகப்பட்டினத்தில் அதே கப்பலில் ஏறி மலாயாவுக்கு வந்தவர். அப்போது வயது இருபது. சவரம் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டு, “ஒரே புகைபோக்கிதான்டா அதுக்கு. கருப்பு. நடுவுல ரெண்டு வெள்ளைப் பட்டை” என்றார். மாமா அசரவில்லை. “ஒண்ணு போட்டா கப்பல் மாதிரியே இல்ல பெரியவரே!”

அப்புறம் என்ன நினைத்தாரோ, அடுத்த தீபாவளிக்கு முன்னால் பின்புறத்துப் புகைபோக்கியின் மேல் வானத்து நீலத்தை அடித்து மறைத்துவிட்டார். வருடம் போகப் போக அந்தப் புது நீலம் மட்டும் வேறு மாதிரி வெளுத்தது. வெயில் வாசல் வழியாகச் சாய்ந்து விழும் நேரத்தில், வானத்துக்குள் ஒரு புகைபோக்கி ஆவி மாதிரி நிற்பது தெரியும்.

இதெல்லாம் ஞாபகத்துக்கு வந்ததற்கு மகள்தான் காரணம். போன மாதம் எங்கள் திருமண நாளுக்குப் பினாங்கு ஈ அண்ட் ஓ ஹோட்டலில் மாலைத் தேநீருக்குப் பணம் கட்டிவிட்டாள். கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, இறங்கியபின் ஃபார்குவார் தெருவரை நடை. “இந்தக் காசுக்கு ஒரு மாசத்துக்கு மளிகை வாங்கலாம்” என்று மனைவி மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை ஹோட்டல் வாசலிலேயே சொன்னார்.

1885இல் தொடங்கியது அந்த ஹோட்டல். ஈரானின் இஸ்ஃபஹான் பக்கத்திலிருந்து வந்த ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்களின் வேலை. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்ததும் அவர்கள்தான், 1887இல். கப்பலில் வரும் வெள்ளைக்காரர்களை நம்பித் தொடங்கிய தொழில் என்பதால், கட்டடத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கடலைப் பார்த்தபடியே நீண்டு கிடக்கிறது. 1931இல் அவர்களுடைய நிறுவனம் நொடித்துப் போனது. ஹோட்டல் மட்டும் கை மாறி மாறி நின்றுவிட்டது.

தாத்தா சொன்ன வெள்ளைக் கட்டடம் இதுவாகத்தான் இருக்கவேண்டும். வடக்குப் பக்கமாகக் கப்பல் திரும்பும்போது மேல்தட்டில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்ந்துகொண்டு கரையைப் பார்த்தார்களாம். தண்ணீர் ஓரத்தில் நீளமாக ஒரு வெள்ளைக் கட்டடம், முன்னால் குடை மாதிரி மரங்கள். கவர்னர் வீடு என்று யாரோ சொல்ல, இவர் கும்பிடு போட்டிருக்கிறார்! அதன்பிறகு அவர்களைக் கொண்டுபோய் இறக்கியது, நோய் பரவாமல் புதிதாக வருபவர்களைத் தனியே வைக்கும் ஜெரெஜாக் தீவில். மருந்துத் தண்ணீர்க் குளியல், அம்மைக் குத்தல், சோற்றுக்கு வரிசை. இத்தனைக்கும் ரஜூலா கட்டிய புதிதில் 5,000 பேருக்கு மேல் அறையில்லாத தட்டுப் பயணிகளாக ஏற்ற அனுமதி பெற்ற கப்பல். அத்தனை பேருக்கும் வரிசை என்றால் யோசித்துப் பாருங்கள்.

எனக்குப் பழைய கடல் படங்களில் கொஞ்சம் கிறுக்கு உண்டு. கைப்பேசியில் ஒன்றை எடுத்து அந்தக் கடலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ராபர்ட் ஸ்மித் என்ற பொறியாளர் கேப்டன் பினாங்கில் இருந்து வரைந்த காட்சிகளை, லண்டனில் வில்லியம் டேனியல் தகட்டில் செதுக்கி 1821இல் அச்சிட்டார். அதில் ஒன்று இதே வடக்குக் கரை. ஹோட்டல் எழும்ப இன்னும் அறுபத்து நான்கு வருடம் இருக்கிறது.

அச்சிட்ட முறை வேடிக்கையானது. செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடு காட்டுவார்கள். பொடி உருகி ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் போட்டால் பொடிக்கு நடுவிலுள்ள செம்பை மட்டும் அது அரிக்கும். கொஞ்ச நேரம் வைத்தால் இளம் மேகம், அதிக நேரம் வைத்தால் இருண்ட கடல். ரப்பர் பாலை உறைய வைக்க அமிலம் ஊற்றி விரல் வெந்த என் தாத்தாவிடம் சொல்லியிருந்தால், ஒரு நொடியில் புரிந்திருக்கும். அச்சான பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் கையாலேயே வண்ணம் பூசுவார்கள்.

டேனியல் லேசுப்பட்டவர் இல்லை. சின்ன வயதிலேயே தன் அப்பாவின் சகோதரர் தாமஸோடு மதுரை, திருச்சி எல்லாம் சுற்றி வரைந்தவர். பிற்பாடு பிரிட்டன் கரையோரத்தையே சுற்றி வந்து 308 படங்கள் அச்சிட்டார். ஆனால் இந்தக் கரையை அவர் தகட்டில் இறக்கியது ஸ்மித்தின் படத்தைப் பார்த்துத்தான், நம் பெயிண்டர் மாமா ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதையைக் கேட்டு வரைந்த மாதிரி.

ஸ்மித் கதையும் சுவாரசியம். பிறகு டில்லிக்குப் போய் குதுப் மினாரைப் பழுது பார்த்தவர், 1828இல் உச்சியில் தன் இஷ்டத்துக்கு ஒரு குட்டி மண்டபத்தைச் சேர்த்து வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள். 1848இல் அதை இறக்கிக் கீழே வைத்துவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த முடிவெட்டும் கடைச் சுவர்தான் ஞாபகம் வந்தது.

தேநீர் கொண்டுவந்த தம்பி நம்ம பையன், பாகான் செராய்க்காரர். இந்தியாவிலிருந்து கப்பல் எந்தப் பக்கமாக வரும் என்று கேட்டேன். “இப்ப எங்க அங்கிள் கப்பல், எல்லாரும் ஃபிளைட்டுதானே” என்றார். அதுவும் சரி. ரஜூலாவை 1973இல் இந்தியக் கப்பல் நிறுவனத்துக்கு விற்றார்கள். வேறு பெயர் வைத்து ஓட்டி, அடுத்த வருடமே உடைத்துவிட்டார்கள். மாமா சுவரில் வரைந்ததும் கிட்டத்தட்ட அந்தச் சமயத்தில்தான்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, அந்தக் கடையில் எடுத்த போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு நாள் அலமாரியைக் குடைந்து ஒன்று அனுப்பினார். கறுப்பு வெள்ளை. தாத்தா நாற்காலியில், கழுத்தில் துண்டு, கன்னமெல்லாம் சோப்பு நுரை. பின்னால் கப்பல். ஒரு புகைபோக்கி நன்றாகத் தெரிகிறது. அடுத்தது இருக்கவேண்டிய இடத்தில் கடைக்காரரின் தலை.