நூறு டாலரும் புதிய எண் 31-ம்

கதையும் கோட்டோவியமும் போடுகிற என் தளத்தில் விளம்பரம் வைக்கலாமா வேண்டாமா என்று ஆறு மாதம் யோசித்தேன். டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளம் இருக்கும் வாடகை இடம்) இரண்டுக்கும் வருடத்துக்கு ஐயாயிரம் சொச்சம் கைக்காசு போகிறது. அது திரும்பினால் போதும் என்றுதான் இறங்கினேன்.

தளங்களில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸுக்கு அனுப்பிய முதல் விண்ணப்பம் 'மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்' என்று திரும்பி வந்தது. வந்த கடுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை. அப்புறம் யோசித்தால், என் படக்கதைகளில் வசனம் எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்கிறது, இயந்திரத்துக்கு அது வெற்றுப் பக்கம். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் வசனத்தைத் தட்டச்சு செய்து போட்டேன், தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஒன்றும் சேர்த்தேன். இரண்டாம் முறை கிடைத்துவிட்டது.

விளம்பரத்தை எங்கே வைப்பது என்பதை அவர்களிடமே விட்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. பாட்டி சாவு பற்றி ஒரு கதை எழுதியிருந்தேன். 'மூக்குத்தியை மட்டும் கழற்ற முடியவில்லை' என்ற வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் நகைக்கடன் விளம்பரம் வந்து உட்கார்ந்திருந்தது. கிராமுக்கு அதிகப் பணமாம். ஒரு வாசகர் போன் செய்து, "வேணும்னே வச்சீங்களா சார்?" என்று கேட்டார். தானியங்கி விளம்பரத்தை முதல் நாளே அணைத்துவிடுங்கள். கதை முடிந்த பிறகு, அடியில் ஒன்றே ஒன்று போதும். கடன், ஜோதிடம் போன்ற வகைகளைத் தடுக்கவும் அமைப்புகளில் வழி இருக்கிறது, தேடிப் பிடிக்கத்தான் பொறுமை வேண்டும்.

இதற்கு நடுவில் சித்தி பையன் ஒரு உபகாரம் செய்தான். "அண்ணே, பஸ்ல போறப்ப உங்களுக்காக விளம்பரத்தை அம்பது தடவை அமுக்கினேன்." ஒரே ஆள் திரும்பத் திரும்ப அமுக்கினால் கணக்கே போய்விடலாம். எனக்கு ஒரு மாதம் விளம்பரம் சுருங்கியதோடு தப்பியது. வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு ரகசிய எண்ணை (PIN) கார்டில் அச்சிட்டு அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அதைப் பதிய வேண்டும், இல்லையென்றால் விளம்பரம் நின்றுவிடும். எங்கள் தெருவில் வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு. என் வீடு பழையது 14, புதியது 31. படிவத்தில் 31 என்று மட்டும் போட்டேன். கார்டு வரவில்லை. இரண்டாவதாகக் கேட்டேன், அதுவும் வரவில்லை. சாதாரணத் தபால் என்பதால் எங்கே இருக்கிறது என்று பார்க்கவும் வழி கிடையாது. மூன்றாவதைக் கேட்கும் முன் தெருமுனையில் தபால்காரரைப் பிடித்தேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பழைய எண் 31 உள்ள வீட்டுக்குக் கூட்டிப் போனார். மீட்டர் பெட்டிக்கு மேலே, கரண்ட் பில் அட்டையோடு இரண்டு கார்டும் இருந்தன! அந்த வீட்டம்மா ஏதோ நோட்டீஸ் என்று நினைத்தாராம்.

வங்கியில் இனிஷியல் தகராறு தனி. பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக இருக்கிறது, நான் விளம்பரக் கணக்கில் ஓர் எழுத்தோடு விட்டிருந்தேன். பாஸ்புக்கில் உள்ளபடியே எழுதுங்கள். வெளிநாட்டுப் பணம் வர வேண்டிய வங்கிக் குறியீடான ஸ்விஃப்ட் கோடு எங்கள் கிளைக்குத் தனியாக இல்லை, மெயின் பிராஞ்சில் கேட்டு வாங்கினேன்.

நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள். எனக்குப் பத்தொன்பது மாதம் ஆனது. வங்கி பிடித்தது போக, ஹோஸ்டிங் காசு ஏறக்குறைய தேறியது. பாட்டி கதையை மட்டும் விளம்பரத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறேன். சித்தி பையனிடம் தளத்தை மூடிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.