மாண்ட்கமரி: டெக்ஸ்டர் அவென்யூவை நடந்தே பாருங்கள்

அட்லாண்டாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் காரில் போகிற நம்மவர்களில் பலர் மாண்ட்கமரியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு அப்படியே கிளம்பிவிடுகிறார்கள். அலபாமா மாநிலத்தின் தலைநகர் அது. அட்லாண்டாவிலிருந்து இரண்டரை மணி நேரம்தான். ஒரு முழு நாளாவது இறங்கிப் பாருங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காரை நிறுத்திவிட்டு கோர்ட் ஸ்கொயர் நீரூற்றிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். ஒரு காலத்தில் அடிமைகளை ஏலம் விட்ட சதுக்கம் இது. 1861 ஏப்ரலில் அமெரிக்க ராணுவத்தின் சம்டர் கோட்டையைத் தாக்கச் சொல்லி, பிரிந்த தென் மாநிலங்களின் தந்தி போனது, சதுக்கத்தை ஒட்டி நிற்கும் வின்டர் பில்டிங்கிலிருந்துதான். அமெரிக்க உள்நாட்டுப் போர் அந்தத் தாக்குதலில் தொடங்கியது. 1955 டிசம்பர் 1ஆம் தேதி மாலை, வேலை முடிந்து ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பஸ் ஏறியதும் இதே சதுக்கத்தில். வெள்ளைக்காரருக்கு இடம்விட மறுத்ததற்காக அவரைக் கைது செய்தார்கள். அடுத்து 381 நாட்கள் கறுப்பின மக்கள் பஸ் ஏறவே இல்லை.

சதுக்கத்திலிருந்து மெல்ல மேடேறும் டெக்ஸ்டர் அவென்யூவின் உச்சியில் மாநில கேபிடலின், அதாவது சட்டமன்றக் கட்டடத்தின், வெள்ளைக் கும்மட்டம் தெரியும். அதற்குச் சற்று முன்னால் ஒரு சிறிய செங்கல் தேவாலயம். 1954இல் 25 வயதில் மார்ட்டின் லூதர் கிங் பாஸ்டராக வந்தது இங்கேதான். இந்தச் சபையில் இருந்தபோதுதான் 1959இல் இந்தியா வந்து, கன்னியாகுமரி வரை போனார்.

கேபிடல் வாசலில், தூண்களுக்கு நடுவே தரையில் ஒரு பித்தளை நட்சத்திரம் பதித்திருக்கிறது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்த தென் மாநிலங்களின் தலைவராக ஜெஃபர்சன் டேவிஸ் 1861இல் பதவியேற்ற இடம். அங்கே நின்று கீழே பார்த்தால் கிங்கின் தேவாலயம் கூப்பிடு தூரம். 1965 மார்ச் 25 அன்று, செல்மா நகரிலிருந்து 54 மைல் நடந்து வந்தவர்கள் கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கேட்டுக் கூடியதும் இந்தப் படிகளுக்குக் கீழேதான். இரண்டில் எது தங்கள் வரலாறு என்று அலபாமா இன்னும் முடிவு செய்யவில்லை என்றே எனக்குப் பட்டது. ஜனவரியில் கிங்கின் பிறந்தநாளுக்கும், அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் பிறந்தநாளுக்கும் சேர்த்துத்தான் இங்கே அரசு விடுமுறை!

மதியத்தை 2018இல் திறந்த அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கும்பல்களால் அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட 4,400க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவருக்கானது. துருவேறிய எஃகுத் தூண்கள் 800க்கும் மேல். கவுன்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஒன்று, அதில் பெயரும் தேதியும். முதலில் தூண்கள் நம் உயரத்துக்கு நிற்கும், பெயர்களை நேராகப் படிக்கலாம். நடக்க நடக்கத் தரை சரிந்துகொண்டே போகும், தூண்களோ அதே மட்டத்தில் இருக்கும். கடைசியில் எல்லாம் தலைக்கு மேலே தொங்கும், பெயரைப் படிக்கக் கழுத்தை அண்ணாந்தாக வேண்டும். சுவரோரப் பலகைகளில் கொலைகளுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இருக்கின்றன. கென்டக்கியில் 1894இல் ஒருவரைத் தூக்கிலிட்டது, வெள்ளைக்கார முதலாளியின் மனைவிக்குப் பின்னால் நடந்து போனதற்காக. அந்தப் பலகைக்கு அப்பால் என்னால் உடனே நகர முடியவில்லை. குழந்தைகளை அழைத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கொஞ்சம் விவரம் தெரிந்த வயதென்றால் கண்டிப்பாக அழைத்துப் போங்கள், முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் சோளமாவில் புரட்டிப் பொரித்த வெண்டைக்காய் கேளுங்கள், மொறுமொறுவென்று இருக்கும். கீரையில் மட்டும் பன்றி இறைச்சி சேர்ப்பது இங்கே வழக்கம், விசாரித்துக்கொள்ளுங்கள். மறுநாளும் கையில் இருந்தால் யு.எஸ். 80 சாலையைப் பிடித்து செல்மாவுக்குப் போங்கள். அன்று அவர்கள் நடந்துவந்த அதே சாலை, காரில் ஒரு மணி நேரம்.