அட்டெஸ்ட் செய்பவர் எங்கே நிற்கிறார்?

பாரிமுனையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே தம்புச் செட்டித் தெருப் பக்கம் நடந்தால் அடிக்கடி காதில் விழும் சொல் 'அட்டெஸ்ட்'. முத்திரை குத்துவது என்றே பலரும் அதற்குப் பொருள் கொள்கிறோம். வேர் இலத்தீனில் இருக்கிறது: 'தெஸ்திஸ்', சாட்சி. அதற்கும் முந்தைய பொருள் 'மூன்றாவதாக நிற்பவர்' என்பது மொழியறிஞர்கள் பரவலாக ஏற்கும் விளக்கம். இருவருக்குள் வழக்கு, அருகில் நின்று பார்த்த மூன்றாம் ஆள். (ரோமானியர்கள் விதைப்பையைப் பிடித்துச் சத்தியம் செய்தார்கள் என்று சுற்றும் கதைக்கு ஆதாரமில்லை. தயவுசெய்து பகிராதீர்கள்.) நம் 'சாட்சி' வடமொழியில் கண்ணிலிருந்து பிறந்த சொல். பழந்தமிழில் அதற்குக் 'கரி' என்றும் பெயர்.

அப்படியானால் நம் சான்றிதழ் நகலில் நாமே கையெழுத்திடும் சுயசான்றொப்பம் ('செல்ஃப் அட்டெஸ்ட்')? எனக்கு நானே மூன்றாம் ஆள்! அரசே ஏற்றுக்கொண்ட வேடிக்கை. கெஜட்டட் அதிகாரிக்காகக் காத்துக்கிடந்தவர்களுக்கு அது விடுதலையும்கூட.

ஆனால் உயிலில் இந்த வேடிக்கை செல்லாது. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி குறைந்தது 2 சாட்சிகள் வேண்டும். எழுதியவர் கையெழுத்திடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்து' என்று அவரே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சாட்சிகள் கையெழுத்திடுவதும் அவர் முன்னிலையில்தான். உறவினர் யாராவது தாளைக் கொடுத்தனுப்பி, "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்கள் அண்ணா" என்றால் போடாதீர்கள்.