புலித்தலை ராட்சசன்

ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கு 1977இல் வந்த அரக்கர் கையேட்டில் ராட்சசனுக்குப் புலித்தலை, கையில் புகைக்குழாய்! பூசாரி மந்திரித்த குறுக்குவில் அம்பு பட்டால் அங்கேயே சாவான். தவமிருந்து வரம் வாங்கிய இராவணன் குலத்துக்கா இந்தக் கதி?

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் 1985இல் சீனாவையும் ஜப்பானையும் ஒரே 'கீழை' உலகமாகக் குழைத்த நூலும் அதே விளையாட்டுக்கு வந்தது. 2020இல் பதிப்பகமே பழைய நூல்களுக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பைச் சேர்த்தது. எனக்கு அது போதவில்லை.

பிறர் பண்பாட்டை வைத்து விளையாட்டு எழுதுகிறவர்கள் சாமியையும் பேயையும் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, அங்கே கடனை எப்படி வசூலிக்கிறார்கள், துக்க வீட்டில் யார் முதலில் பேசுவார்கள் என்று எழுதட்டும். அந்த மக்களில் சிலருக்குச் சன்மானம் கொடுத்து, திருத்த இடமிருக்கும்போதே கைப்பிரதியைப் படிக்கச் சொல்லட்டும். நன்றியுரையில் பெயர் போடுவதெல்லாம் பிறகு.