கீமோவுக்குத் திகதி குறிப்பதற்கு முன்

இலங்கை மலையகத்து அரச ஆஸ்பத்திரி ஒன்றின் புற்றுநோய்ப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன். மார்பகப் புற்றுநோயோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் வயதில் மூத்த அம்மாமார்தான். இடையிடையே இருபதுகளிலும் முப்பதுகளிலும் உள்ள பிள்ளைகளும் வருவார்கள். இது அவர்களைப் பற்றியது.

அவர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். முடி கொட்டுமா, எத்தனை தடவை மருந்து ஏற்றுவீங்க, எப்போது மலைக்கு வேலைக்குப் போகலாம், தேயிலைக் கொழுந்துக் கூடை சுமக்கலாமா. இனிமேல் பிள்ளை பிறக்குமா என்று மட்டும் கேட்க மாட்டார்கள். கல்யாணமாகாதவள் கேட்டால் பக்கத்தில் இருக்கும் அம்மா முறைப்பார். கல்யாணமானவளுக்கோ, உயிருக்கே போராடும் நேரத்தில் இது ஒரு கேடா என்று மாமியார் சொல்லிவிடுவாரோ என்ற பயம். நாங்களும் வாயைத் திறக்காவிட்டால் அந்தப் பேச்சே வராமல் முதல் கீமோவுக்குத் திகதி குறித்தாகிவிடும்.

அதற்குப் பிறகு பேசிப் பெரிய பிரயோசனம் இல்லை. ஒரு பெண்ணின் முட்டைகள் அத்தனையும் அவள் பிறக்கும்போதே சூலகத்தில் இருக்கின்றன. சைக்ளோபொஸ்பமைட் போன்ற மருந்துகள் புற்றுக் கலங்களோடு சேர்த்து இந்தக் கையிருப்பையும் கரைக்கும். இருபத்தைந்து வயதில் மிச்சம் நிறைய இருப்பதால் பலர் தப்பித்துக்கொள்கிறார்கள். நாற்பதை நெருங்கியவர்களுக்கு மாதவிடாய் அப்படியே நின்றுவிடலாம். திரும்பி வந்தாலும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எண்ண முடியாது.

சத்திரசிகிச்சைக்கும் கீமோவுக்கும் இடையில் புண் ஆறுவதற்காகச் சில வாரங்கள் விடுவார்கள். முட்டைகளை எடுத்து உறைய வைக்க ஏறத்தாழ 2 வாரங்கள் போதும். முட்டைகள் வளரத் தினமும் ஊசி, இடையிடையே ஸ்கேன், கடைசியில் மயக்கம் கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுத்து, மைனஸ் 196 பாகைக் குளிரில் திரவ நைதரசனில் வைப்பார்கள். முன்பெல்லாம் மாதவிடாய் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது எந்த நாளிலும் தொடங்கலாம். ஊசியால் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோமோன் ஏறி, ஹோமோனில் வளரும் கட்டிக்குத் தீனி போட்டதுபோல் ஆகிவிடாதா என்றால், அதைத் தாழ்த்தி வைக்கக் கூடவே லெட்ரோசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். கல்யாணமானவர்கள் கருவாக்கியும் உறைய வைக்கலாம்.

சரி, காசு? கீமோ எங்களிடம் இலவசம். முட்டையை உறைய வைக்கவோ பெரும்பாலும் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்த் தனியார் ஆஸ்பத்திரியில் கட்ட வேண்டும். பேர் கணக்கில், அதாவது வேலை செய்த நாளுக்கு மட்டும் சம்பளம் வாங்கும் தோட்டக் குடும்பத்துக்கு அது எட்டாத தொகை. “முடியாததைச் சொல்லி ஏன் அந்தப் பிள்ளைகளை நோகடிக்கிறீங்க?” என்று கூட வேலை செய்யும் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மத்திய கிழக்கில் வேலை செய்யும் அக்காவின் காசில் போய்ச் செய்துகொண்டவளும் இருக்கிறாள். ஒருவருடைய லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) முகவரியைப் பார்த்து அவரால் எது முடியும் என்று தீர்மானிக்க நாங்கள் யார்? ‘ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கே’ என்று தாண்டிப் போவதும் இதே ரகம்தான்.

கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்த ஒருத்தி வந்தாள். கல்யாணமாகவில்லை. அம்மாவை இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எடுத்துவர அனுப்பிவிட்டுத்தான் பேச்சை எடுத்தேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பிள்ளை வேணும் மிஸ்ஸி. ஆனா நகையெல்லாம் அடகுல இருக்கு” என்றாள்.

முட்டையை உறைய வைக்க அவளால் முடியவில்லை. கோசெரலின் என்ற ஊசியைப் போட டொக்டர் முடிவெடுத்தார். 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போடுவது. கீமோவுக்கு ஒரு வாரமாவது முன்னதாக ஆரம்பித்தால் மருந்து ஏறும் காலத்தில் சூலகம் ஓய்ந்து கிடக்கும். சேதம் குறையும், முழுக்கக் காக்காது. உறைய வைப்பதற்கு இது ஈடில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னோம்.

கீமோ முடிந்து இப்போது, ஹோமோனில் வளரும் புற்று திரும்பாமலிருக்கக் கொடுக்கும் டமொக்சிபென் மாத்திரை குடிக்கிறாள். குறைந்தது 5 வருடம். அந்த மருந்தோடு கர்ப்பம் கூடவே கூடாது. இடையில் நிறுத்திப் பிள்ளை பெற முடியுமா என்பதற்கு 2023இல் ஓர் ஆய்வு வந்தது. 42 வயது வரையான ஐந்நூறுக்கு மேற்பட்ட பெண்கள், ஒன்றரை முதல் இரண்டரை வருடம் ஹோமோன் மருந்து எடுத்த பிறகு, அதிகபட்சம் 2 வருடங்கள் நிறுத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய மூன்று வருடக் கணக்கில், நிறுத்தாதவர்களைவிட நோய் திரும்புவது கூடவில்லை. அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டொக்டரிடம் கேட்காமல் யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்லி அனுப்புவேன். மாதவிடாய் நின்றுவிட்டது என்று நம்பி இருந்துவிடாதீங்க, கர்ப்பம் தங்கலாம். ஆனால் ஹோமோன் உள்ள கருத்தடை மாத்திரையோ ஊசியோ இவர்களுக்கு ஆகாது. தோட்டத்து மிட்வைஃப் வீட்டுக்கு வந்தால், தெரியாமல் அதைக் கொடுத்துவிடாதபடி கிளினிக் கொப்பியைக் காட்டச் சொல்வேன்.

போன கிளினிக்கில் அந்தப் பிள்ளையின் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். பெண் கேட்டு வருகிறார்களாம். மாப்பிள்ளை வீட்டாரிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று கேட்டார். “அதை நான் சொல்ல முடியாது அம்மா, மகளைக் கேளுங்க” என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. மகள் மருந்து வரிசையில் நின்றுகொண்டு எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தாள். என்ன பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.