செவலையின் வலது காது

எட்டு மாதத்தில் நான்காவது முறையாக எங்கள் பூனை செவலையின் வலது காதில் சீழ் வந்திருந்தது. அவனுக்கு அப்போது ஒன்றரை வயது. ஒவ்வொரு முறையும் சொட்டு மருந்து, பத்து நாளில் சரியாகும், அடுத்த மாதம் அதே நாற்றம். காதுப் பூச்சி என்றார்கள். ஆனால் பூச்சி என்றால் காப்பித்தூள் மாதிரி கறுப்பு அழுக்கு வரும், பெரும்பாலும் இரண்டு காதிலும் வரும். இவனுக்கு ஒரே காதில் மஞ்சள் சீழ்.

ஒருநாள் காலை மீன் தட்டின் சத்தம் கேட்டு ஓடி வந்தவன், சமையலறை வாசலிலேயே வலப்பக்கம் சரிந்தான். எழுந்தான், மறுபடி அதே பக்கம் விழுந்தான். தலை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தால் கண்மணி இரண்டும் பக்கவாட்டில் வெட்டி வெட்டி ஆடின. பக்கவாதம் என்றே நினைத்து அழுதுவிட்டேன்.

வேறொரு மருத்துவரிடம் ஓடினோம். தொற்று உட்காது வரைக்கும் போயிருக்கிறது, உடம்பு நிலையாக நிற்க உதவுவதே அந்த இடம்தான் என்றார். ராட்டினத்தில் சுற்றுவது போலவே இருக்குமாம் அவனுக்கு, வாந்தியும் அதனால்தான். முதல் வேலையாகச் சொட்டு மருந்தை நிறுத்தினார். செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் சொட்டுகள் உள்ளே இறங்கி உட்காதைக் கெடுத்துவிடலாம். செவிப்பறையைப் பார்க்காமல் சொட்டு விடக் கூடாது என்பதைப் பூனை வளர்க்கும் எல்லோரிடமும் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் கேட்டார்: "தூங்கும்போது குறட்டை விடுவானா?"

மாதக்கணக்கில் விட்டான். நாங்கள் அதை ரசித்து வீடியோ எடுத்து வைத்திருந்தோம்.

மயக்க மருந்து கொடுத்து, மேலண்ணத்தின் பின்பகுதியை முன்னால் இழுத்துப் பார்த்தபோது பின்னால் இளஞ்சிவப்பாக ஒரு சதை. பாலிப். இளம் பூனைகளுக்கு நடுக்காதிலோ, அதைத் தொண்டையோடு இணைக்கும் குழாயிலோ இது வளருமாம். இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்துக் காம்போடு எடுத்தார். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பி, அதில் எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று தெரிந்த பிறகு ஆறு வாரத்துக்கு மாத்திரை. பாலிப் திரும்ப வராமலிருக்கக் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு.

மறுநாள் வலது கண்ணில் உள் இமை பாதி ஏறி, கண்மணி சிறுத்திருந்தது. நடுக்காது வழியாகப் போகும் நரம்பு சீண்டப்பட்டால் இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது.

வீட்டில் பார்த்துக்கொண்டதுதான் பெரிய வேலை. மொசைக் தரை வழுக்கியது, ஹால் முழுக்கப் பாய் விரித்தோம். போர்வையைச் சுருட்டி இருபக்கமும் அணை கொடுத்துப் படுக்க வைத்தோம். அவன் மலம் கழிக்கும் மண் தட்டுக்குப் பதில் ஒருபக்கம் தாழ்வாக வெட்டிய அட்டைப்பெட்டி. வேகவைத்த மத்தியை முள் எடுத்து விரலில் வைத்து ஊட்டினேன். இறக்கிவிடும்போது நான்கு காலும் தரையில் பட்டு அவன் நிதானிக்கும் வரை கையை எடுக்க மாட்டேன். ஐந்தாம் நாள் தானாகச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் நடந்து வந்தான், சுவரில் உரசியபடியே.

தலைச்சாய்வு மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது அப்படியே இருக்கலாம், அவனுக்கு வலி இல்லை என்றார் மருத்துவர். காம்பில் மிச்சமிருந்தால் பாலிப் திரும்ப வளரலாம் என்பதால், இரவில் அவன் பக்கத்தில் படுத்து மூச்சைக் கேட்கிறேன். இதுவரை குறட்டை இல்லை.