ஐந்தாவது பெயரைப் பென்சிலால் எழுதுகிறேன்

ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் லாஸ் ஏஞ்சல்ஸில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வாசிக்கப்படும்போது இங்கே நமக்கு மாலை ஏழு மணி. பல ஆண்டுகளாக அந்த நேரத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கணினி முன் உட்காருவது என் வழக்கம். முதல் நாள் இரவே முக்கியப் பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் ஐந்து பெயர்களை எழுதிவிடுவேன். நான்கு பெயர்கள் பேனாவில், ஐந்தாவது பென்சிலில். முதல் நான்கைச் சொல்லப் பெரிய திறமை வேண்டியதில்லை. டிசம்பரிலிருந்து வரும் மற்ற விருதுகளின் பட்டியல்களைப் படித்து வருகிற எவரும் சொல்லிவிடலாம். கணிப்பு என்று பெருமைப்பட ஏதாவது இருந்தால் அது அந்தப் பென்சில் பெயரில்தான் இருக்கிறது.

பட்டியல் வெளியான அரை மணி நேரத்தில் ‘இன்னார் புறக்கணிக்கப்பட்டார்’ என்ற தலைப்புகள் வரத் தொடங்கிவிடும். எனக்கு இந்தச் சொல்லோடு நெடுநாளாக ஒரு சண்டை உண்டு. புறக்கணிப்பு என்றால் யாரோ சிலர் ஓர் அறையில் கூடி ஒரு பெயரை அடித்துவிட்டார்கள் என்று பொருளாகிறது. நடப்பதோ வேறு. நடிகர்களை, ஆஸ்கர் விருதை வழங்கும் அகாடமியின் நடிகர் பிரிவும் இயக்குநர்களை இயக்குநர் பிரிவும் பரிந்துரைக்கின்றன. சிறந்த படத்துக்கு மட்டும் எல்லா உறுப்பினர்களும் வாக்களிக்கிறார்கள். வாக்களிப்பவர் தமக்குப் பிடித்த பெயர்களை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்தித் தருகிறார்.

இந்த முறை நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது ‘ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் தேவை’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றனவே, அதே கணக்குதான். 234 வாக்குகளை, ஆறோடு ஒன்றைக் கூட்டிய ஏழால் வகுத்து, அதற்கு அடுத்த முழு எண்ணை எடுத்தால் 34 வருகிறது. ஆஸ்கரில் ஐந்து இடங்கள் என்பதால் ஆறால் வகுக்கிறார்கள். நடிகர் பிரிவில் சுமார் 1,300 பேர் இருக்கிறார்கள். எல்லோரும் வாக்களித்தாலும் ஏறத்தாழ 218 பேர் ஒருவரை முதலிடத்தில் எழுதினால் அவருக்கு இடம் உறுதி. மிகக் குறைந்த முதல் விருப்ப வாக்குகள் பெற்றவர் முதலில் நீக்கப்பட்டு, அவருடைய வாக்குச் சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்குப் போகின்றன. ஆக, ஆயிரம் பேர் ஒரு நடிகையை ‘நன்றாகத்தான் செய்திருக்கிறார்’ என்று நான்காம் இடத்தில் எழுதியிருக்கலாம். ஆனால் அந்த நான்காம் இடங்கள் எண்ணப்படும் முன்பே அவர் வெளியேற்றப்பட்டிருப்பார். எல்லோருக்கும் கொஞ்சம் பிடித்தவரைக் காட்டிலும், சிலருக்கு உயிராக இருப்பவருக்கே இந்த முறை இடம் தருகிறது. என் பென்சில் பெயர்களை எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இதற்கு ஆண்ட்ரியா ரைஸ்பரோவைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ‘டு லெஸ்லி’ என்ற அவருடைய படம் திரையரங்குகளில் வசூலித்தது ஏறக்குறைய 27,000 டாலர். பெரிய விளம்பரச் செலவும் இல்லை. வாக்களிப்பு நெருங்கிய நாட்களில் சக நடிகர்கள் பலர் சமூக ஊடகங்களில் அவரைப் புகழ்ந்து எழுதினார்கள். நடிகை பிரான்சஸ் ஃபிஷர் மேற்சொன்ன 218 என்ற எண்ணையே குறிப்பிட்டு, மற்ற சிலருக்கு இடம் ஏற்கெனவே உறுதியாகிவிட்டது என்ற பொருள்பட எழுதினார். 2023 ஜனவரி 24 அன்று ரைஸ்பரோவின் பெயர் வாசிக்கப்பட்டது. அமெரிக்க நடிகர் சங்கம் தன் விருதுக்குப் பரிந்துரைத்திருந்த வயோலா டேவிஸும் டேனியல் டெட்வைலரும் ஆஸ்கர் பட்டியலில் இல்லை. கறுப்பின நடிகைகள் இருவர் விடுபட்ட ஓர் ஆண்டில் இப்படி நடந்தது நியாயமான கோபத்தை எழுப்பியது. அகாடமி விசாரித்தது, பரிந்துரையை ரத்து செய்யவில்லை. அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் கணிப்பவன் என்ற முறையில், யார் யாரை முதலிடத்தில் எழுதச் சொல்கிறார்கள் என்பதை அன்று முதல் கூர்ந்து கவனித்து வருகிறேன்.

ஐந்தாவது பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு மிகவும் உதவியிருப்பது இயக்குநர் பிரிவு. அமெரிக்க இயக்குநர் சங்கத்தில் பல்லாயிரம் உறுப்பினர்கள். தொலைக்காட்சித் தொடர்களை இயக்குவோரும் உதவி இயக்குநர்களும்கூட அதில் உண்டு. அகாடமியின் இயக்குநர் பிரிவிலோ சில நூறு பேர்தான், அவர்களிலும் பலர் வெளிநாட்டினர். நடிப்புப் பரிந்துரைகள் எல்லாம் வெள்ளையருக்கே போனதாக 2016-இல் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு அகாடமி உலகெங்கிலுமிருந்து புதிய உறுப்பினர்களைச் சேர்த்ததில் இந்த வேறுபாடு இன்னும் பெருகியது. விளைவு, சங்கம் தன் விருதுக்குப் பரிந்துரைக்கும் ஐவர் பட்டியல் ஆஸ்கருக்கு அப்படியே போவதில்லை. 2019-இல் பிராட்லி கூப்பர் விடுபட, போலந்தின் பாவெல் பாவ்லிகோவ்ஸ்கி உள்ளே வந்தார். 2021-இல் ஆரன் சார்கினின் இடத்துக்கு டென்மார்க்கின் தாமஸ் விண்டர்பெர்க் வந்தார். 2022-இல் ‘டியூன்’ பத்துப் பரிந்துரைகளை வாரிக்கொண்டபோதும் டெனி வில்னவ் வெளியே நின்றார், ஜப்பானின் ரியூசுகே ஹமாகுச்சி உள்ளே இருந்தார். 2023-இல் ஜோசப் கோசின்ஸ்கிக்குப் பதில் சுவீடனின் ரூபன் ஆஸ்ட்லண்ட்.

2024-இல் ‘பார்பி’ படத்தின் இயக்குநர் கிரெட்டா கெர்விக் விடுபட்டபோது உலகமே கொதித்தது. ‘பார்பி’க்கு எட்டுப் பரிந்துரைகள், கென்னாக நடித்த ரையன் காஸ்லிங்குக்கு இடம், பார்பியாக நடித்த மார்கோ ராபிக்கும் இயக்குநருக்கும் இடமில்லை என்பது படத்தின் கதையே மீண்டும் நடந்ததுபோல் இருந்ததால், எழுதுவோருக்குக் கை நிறைய வேலை கிடைத்தது. ஆனால் அந்த ஆண்டு சங்கப் பட்டியலில் இருந்த அலெக்ஸாண்டர் பெய்னும் ஆஸ்கரில் விடுபட்டார் என்பதையும், இருவருக்குப் பதிலாக வந்தவர்களில் ஒருவர் ‘அனாட்டமி ஆஃப் எ ஃபால்’ படத்தின் ஜஸ்டின் திரியே என்ற பெண் என்பதையும், மற்றவர் ஜெர்மன் மொழியில் படமெடுத்த ஜொனாதன் கிளேசர் என்பதையும் யாரும் பெரிதாக எழுதவில்லை. இருவர் படங்களும் கான் திரைப்பட விழாவில் முதலிரண்டு பரிசுகளைப் பெற்றவை. அன்று என் நோட்டில் பென்சில் பெயர் திரியே. கெர்விக்கைப் பேனாவில் எழுதியிருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நடிப்புப் பிரிவுகளில் இத்தனை ஒழுங்கு கிடையாது. 2022-இல் லேடி காகா ‘ஹவுஸ் ஆஃப் குச்சி’ படத்துக்காக கோல்டன் குளோப், கிரிட்டிக்ஸ் சாய்ஸ், நடிகர் சங்கம், பிரிட்டனின் பாஃப்டா ஆகிய நான்கு விருதுகளிலும் பட்டியலிடப்பட்டவர். ஆஸ்கரில் அவர் பெயர் இல்லை. நடிகர் சங்கமும் பாஃப்டாவும் கண்டுகொள்ளாத கிறிஸ்டன் ஸ்டூவர்ட் இருந்தார். அதே நாளில் ‘பெல்பாஸ்ட்’ படத்தின் கேட்ரியோனா பால்ஃபும் விடுபட்டார். அந்த நான்கிலும் இடம்பெற்றிருந்த அவரை விட்டுவிட்டு, அதே படத்தில் பாட்டியாக நடித்த ஜூடி டென்ச்சை நடிகர் பிரிவு தேர்ந்தெடுத்தது. டென்ச்சைக் கணித்ததாக யாராவது சொன்னால் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

விமர்சகர்களின் விருதுகளை நான் இப்போது அதிகம் நம்புவதில்லை. நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், தேசிய விமர்சகர் சங்கம் ஆகிய மூன்றிலும் வென்ற சாலி ஹாக்கின்ஸ் 2009-இல் ஆஸ்கர் பட்டியலுக்கே வரவில்லை. 2025-இல் அதே மூன்றிலும் வென்ற மரியான் ஜான்-பாப்டிஸ்ட்டுக்கும் அதுவே நடந்தது. இருவரும் நடித்தது பிரிட்டிஷ் இயக்குநர் மைக் லீயின் படங்களில். விமர்சகர்களுக்கு ஆஸ்கரில் வாக்கு இல்லை என்பதைத் தவிர இதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம்.

நம் ஊரில் கணிப்பு எப்படித் தடம் புரள்கிறது என்பதற்கு ‘ஜெய் பீம்’ ஓர் எடுத்துக்காட்டு. 2022 ஜனவரியில் அந்தப் படத்தின் பெயர் ஆஸ்கர் பட்டியலில் இருப்பதாகச் செய்தி பரவியது. அது தகுதி விதிகளை நிறைவு செய்து விண்ணப்பித்த 276 படங்களின் பட்டியல். யாரும் யாரையும் தேர்ந்தெடுத்த பட்டியல் அன்று. பிப்ரவரி 8 அன்று மாலை என்னோடு உட்கார்ந்திருந்த மாமா, பத்துப் படங்களும் வாசிக்கப்பட்ட பிறகு, “நம்ம படத்தைத் தூக்கிட்டானுங்களேடா” என்றார். தூக்குவதற்கு அது அங்கே வைக்கப்படவே இல்லை என்று விளக்க எனக்கு ஒரு காபி நேரம் பிடித்தது. அதே மாலையில், ரிந்து தாமஸும் சுஷ்மித் கோஷும் எடுத்த ‘ரைட்டிங் வித் ஃபயர்’ சிறந்த ஆவணப்படத்துக்கான ஐந்தில் ஒன்றாக வந்தது. டிசம்பரில் அகாடமியே வெளியிட்ட 15 படங்களின் குறும்பட்டியலில் இருந்த படம் அது. அந்தக் குறும்பட்டியல்தான் படித்துப் பார்க்க வேண்டிய பட்டியல். ஆனால் அதைப் பற்றி எங்கள் தெருவில் யாரும் பேசவில்லை.

இவ்வளவும் தெரிந்திருந்தும் 2025 ஜனவரியில் நானே சறுக்கினேன். இயக்குநர் சங்கப் பட்டியலில் உள்ள ஒருவர் விடுபட்டு, கானில் பரிசு வென்ற வெளிநாட்டவர் ஒருவர் வருவார் என்பது வரை என் கணக்கு சரி. அந்த இடத்தில் இந்திய இயக்குநர் பாயல் கபாடியாவின் பெயரை எழுதினேன். கானில் இரண்டாவது பெரிய பரிசும், சிறந்த இயக்குநருக்கான கோல்டன் குளோப் பரிந்துரையும் பெற்றவர் அவர். ஆனால் அவருடைய படத்தை வெளிநாட்டுப் படப் பிரிவுக்கு இந்தியாவும் அனுப்பவில்லை, தயாரிப்பில் பங்கேற்ற பிரான்சும் அனுப்பவில்லை. எத்தனை இயக்குநர்கள் அதை முதலிடத்தில் எழுதியிருப்பார்கள் என்று என்னை நானே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. விடுபட்டவர் எட்வர்ட் பெர்கர், உள்ளே வந்தவர் ‘தி சப்ஸ்டன்ஸ்’ எடுத்த பிரெஞ்சு இயக்குநர் கோரலி ஃபார்ஜா. அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தியவர்களையும் தலையில் வைத்துக் கொண்டாடியவர்களையும் எனக்குத் தெரியும். ‘பரவாயில்லை’ என்று சொன்ன ஒருவரைக்கூடத் தெரியாது. பென்சில் எழுத்தை அழித்துவிட்டு ஃபார்ஜாவின் பெயரை எழுதலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு கபாடியாவின் பெயரை அப்படியே விட்டு, பக்கத்தில் ஒரு சிறிய பெருக்கல் குறியைப் போட்டேன்.